கேட்பவர் யார், சொல்பவர் யார்? – வாசகர் கேள்வி பதில்

கணவன் மனைவியிடையே பேச்சு குறைந்துபோவது குறித்துச் சென்ற இதழில் எழுதிய ஒரு பதிலைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ஆண்களும் பெண்களும் பேசும் முறையில் உண்மையாகவே வேற்றுமை உண்டா என்று ஏதோ ஒரு விதத்தில் கேட்கின்றன. ஆகவே இந்த இதழில் அந்தக் கடிதங்களுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

எங்களுக்குத் திருமணமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. என் கணவர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கர். மாலையில் வீடு திரும்பியதும், "இன்னைக்கு ஆபீஸ்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் "ஒன்னுமில்ல" என்பார். பையனின் பள்ளியில் நடந்ததை நான் சொன்னால் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்பார். அதே மனிதர், ஊர் நண்பர் அழைத்துவிட்டால் மொட்டை மாடிக்குப் போய் அரை மணி நேரம் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார். ஆண்கள் என்றாலே இப்படித்தானா, அல்லது என்னிடம் பேசத்தான் பிடிக்கவில்லையா?
– ஒரு வாசகி, கரூர்

மொட்டை மாடியில் அரை மணி நேரம் பேசுகிறவருக்குப் பேச்சு வராது என்று சொல்ல முடியாது. ஆகையால் "ஆண்கள் என்றாலே இப்படித்தான்" என்பதை முதலில் ஒதுக்கிவிடலாம். உங்களைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டவும் உங்கள் கடிதத்தில் ஆதாரம் இல்லை. எனக்குத் தெரிவது வேறொன்று: உங்கள் வீட்டில் பேச்சைத் தொடங்குவதும், அது அறுந்துபோகாமல் இழுத்துப் பிடிப்பதும் முழுக்க உங்கள் பொறுப்பாகிவிட்டன.

அமெரிக்கச் சமூகவியலாளர் பமேலா ஃபிஷ்மன் 1970களில் மூன்று தம்பதியரின் வீடுகளில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, அவர்கள் அன்றாடம் பேசிக்கொண்டதை 52 மணி நேர அளவுக்குப் பதிவு செய்து ஆராய்ந்தார். பெண்கள் கேட்ட கேள்விகள் ஆண்கள் கேட்டவற்றைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு இருந்தன. அந்தப் பேச்சுகளில் எடுக்கப்பட்ட 76 விஷயங்களில் 47 பெண்கள் தொடங்கியவை, 29 ஆண்கள் தொடங்கியவை. ஆண்கள் தொடங்கியவற்றில் 28 விஷயங்கள் உரையாடலாக வளர்ந்தன. பெண்கள் தொடங்கியவற்றில் 17 மட்டுமே வளர்ந்தன. பெண்கள் எடுத்த விஷயங்கள் அற்பமானவை என்பதால் அப்படி ஆகவில்லை, இரு சாராரும் எடுத்தவை ஒரே தரத்தில்தான் இருந்தன என்பதை ஃபிஷ்மன் குறிப்பாக எழுதியிருக்கிறார். ஆண் ஒன்றைச் சொன்னால் பெண் கேள்வி கேட்டு, வியந்து, மேலும் சொல்லத் தூண்டினாள். பெண் சொன்னபோது எதிரிலிருந்து வந்தது, சற்றுத் தாமதமாக, ஒரு "ம்". பேச்சுக்கு நடுவில் உடனுக்குடன் வரும் "ம்" கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு அடையாளம். சொல்லி முடித்துச் சிறிது நேரம் கழித்து வரும் "ம்" அந்த விஷயத்துக்கு முற்றுப்புள்ளி. உங்கள் கணவருடையது இரண்டாவது வகை என்று நினைக்கிறேன்.

மூன்றே தம்பதியர் என்பதால் இதை உலகத்துக்கெல்லாம் பொருந்தும் விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் அந்தப் பதிவுகளைப் பற்றிப் படிக்கும்போது நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் பலருக்கும் தோன்றும்.

ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் டெபரா டானன் 1990இல் வேறொரு விளக்கம் தந்தார். ஆண் பிள்ளைகள் சிறு வயதிலிருந்து கூட்டத்தில் தம் இடத்தைத் தக்கவைத்துக்கொள்வதற்காகப் பேசிப் பழகுகிறார்கள், பெண் பிள்ளைகள் நெருக்கத்தை வளர்ப்பதற்காகப் பேசிப் பழகுகிறார்கள் என்பது அவருடைய கருத்து. அப்படிப் பழகிய ஆணுக்கு வீடு என்பது இனி எதையும் நிரூபிக்கத் தேவையில்லாத இடம், எனவே பேச்சும் தேவைப்படாத இடம். பெண்ணுக்கோ, வெளியில் அளந்து பேச வேண்டியவற்றையெல்லாம் தடையின்றிப் பேச வாய்க்கும் ஒரே இடம். இந்த விளக்கம் உலகெங்கும் பரவியது, பல குடும்பங்களில் சண்டையைக் குறைத்திருக்கவும் கூடும். எனக்கு அதில் ஒரு குறை உண்டு: உங்கள் கணவர் ஏன் பேசாமலிருக்க விரும்புகிறார் என்பதற்கு அது காரணம் சொல்கிறதே தவிர, பேசாமலேயே அவரால் எப்படிக் காலம் தள்ள முடிகிறது என்பதற்குச் சொல்வதில்லை. உறவினர் வீட்டு விசேஷம், பையனின் மதிப்பெண், மாமியாரின் மருந்து என எல்லாச் செய்திகளும் உங்கள் வாய்வழியாக அவருக்கு வந்துசேர்ந்துவிடுவதால், அவர் வாய் திறக்காத நாளிலும் குடும்பம் தடையின்றி ஓடுகிறது.

இனிச் செய்யக்கூடியது. "என்ன நடந்துச்சு?" என்ற பொதுக் கேள்விக்கு "ஒன்னுமில்ல" என்ற பொதுப் பதில்தான் வரும், "அந்தத் தணிக்கைக்காரர் இன்றைக்கு வந்தாரா?" என்று கேட்டால் குறைந்தது ஒரு முழு வாக்கியமாவது கிடைக்கும். பையனைப் பற்றிச் சொல்லத் தொடங்குமுன், உங்களுக்கு வேண்டியது அவருடைய கருத்தா, ஒரு முடிவா, அல்லது வெறுமனே கேட்டுக்கொள்வதா என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பையனுக்குரிய வேலைகளில் ஒன்றை, பள்ளிப் பெற்றோர் கூட்டத்தையோ ஆசிரியருடனான தொலைபேசி உரையாடலையோ, முழுமையாக அவரிடம் ஒப்படையுங்கள். செய்தி அவர் கையில் இருந்தால் அதை உங்களிடம் சொல்ல வேண்டியவர் அவராகிவிடுகிறார். நேருக்கு நேர் உட்கார்ந்து பேச முடியாத ஆண்களில் பலர், வண்டியில் போகும்போதோ சேர்ந்து காய் நறுக்கும்போதோ தாராளமாகப் பேசுவதையும் கவனித்திருப்பீர்கள்.

பெண்கள் நாளொன்றுக்கு 20,000 சொற்களும் ஆண்கள் 7,000 சொற்களும் பேசுவதாக விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. எங்கள் அலுவலகத்தில் இதை வைத்தே தினமும் கேலி. உண்மையா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

இல்லை. 2006இல் அமெரிக்காவில் வெளியாகிப் பரபரப்பாக விற்ற ஒரு நூலில் அந்த எண்கள் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் எண்ணிப் பார்த்த ஆய்வு எதுவும் இல்லை என்பது வெளிப்பட்டதும் அடுத்த பதிப்புகளில் அவற்றை எடுத்துவிட நேர்ந்தது. எண்கள் மட்டும் ஊர் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

உண்மையில் எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு. மத்தியாஸ் மெல் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும், அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் 396 கல்லூரி மாணவர்களிடம் சிறு ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து, அவ்வப்போது சில விநாடிகள் தானாகவே பதிவாகும்படி செய்து, அதிலிருந்து நாளொன்றுக்கான சொற்களைக் கணக்கிட்டார்கள். 2007இல் வெளியான முடிவு: பெண்கள் சராசரியாக 16,215 சொற்கள், ஆண்கள் 15,669 சொற்கள். ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாட்டைப் பார்க்கும்போது இந்த இடைவெளி கணக்கில் கொள்ளத்தக்கதே அல்ல. எல்லோரையும்விட அதிகமாகப் பேசியவரும் ஓர் ஆண், மிகக் குறைவாகப் பேசியவரும் ஓர் ஆண்.

இதே முறையில் நான்கு நாடுகளைச் சேர்ந்த 2,197 பேரின் பதிவுகளைத் திரட்டி 2025இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அதில் 25 முதல் 64 வயது வரையிலான பெண்கள் மட்டும், அதே வயது ஆண்களைவிட நாளுக்குச் சுமார் 3,000 சொற்கள் கூடுதலாகப் பேசியிருந்தார்கள். அதற்கு இளையவர்களிடமும் முதியவர்களிடமும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பிள்ளை வளர்க்கும் வயதோடு இது பொருந்துவதை ஆய்வாளர்களே ஒரு சாத்தியமான காரணமாகச் சுட்டுகிறார்கள். ஒரு குழந்தையைக் காலையில் எழுப்பிப் பள்ளி வாகனத்தில் ஏற்றிவிடும் வரை எத்தனை சொற்கள் செலவாகின்றன என்பதை உங்கள் அலுவலக நண்பர்கள் ஒரு நாள் தாங்களே செய்து எண்ணிப் பார்க்கலாம்.

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் இடைநிலைப் பொறுப்பில் இருக்கிறேன். வாராந்திரக் கூட்டத்தில் நான் ஒரு யோசனையைச் சொன்னால் யாரும் எதுவும் சொல்வதில்லை. பத்து நிமிடம் கழித்து அதையே ஆண் சக ஊழியர் ஒருவர் சொன்னால் "நல்ல யோசனை" என்று குறித்துக்கொள்கிறார்கள். பாதியிலேயே என் பேச்சை வெட்டிவிடுவதும் வழக்கம். நான் தயங்கிப் பேசுவதால்தான் இப்படி என்கிறார் என் தோழி. பேசும் முறையை நான் மாற்றிக்கொள்ள வேண்டுமா?
– ஒரு வாசகி, சென்னை

உங்கள் தோழி சொல்வது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஒரு விவாதத்தின் ஒரு பக்கம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபின் லேகாஃப், 1970களின் தொடக்கத்தில், "இல்லையா?", "என்று நினைக்கிறேன்", "ஒருவேளை" போன்ற தயக்கச் சொற்களைப் பெண்கள் மிகுதியாகப் பயன்படுத்தும்படி வளர்க்கப்படுகிறார்கள், அதனாலேயே அவர்கள் சொல்வதற்கு எடை குறைகிறது என்று எழுதினார். சிறிது காலத்தில் ஓபார், அட்கின்ஸ் என்ற இருவர் வட கரோலினா மாநில நீதிமன்றங்களில் சாட்சிகள் பேசியதைப் பதிவு செய்து பார்த்தபோது கதை மாறியது. நிபுணராகச் சாட்சி சொன்ன பெண்ணிடம் இந்தத் தயக்கச் சொற்கள் மிகக் குறைவாக இருந்தன. தாழ்ந்த நிலையில் இருந்த ஆண்களிடம் அவை தாராளமாக இருந்தன. பெண்களின் பேச்சு என்று பெயரிடப்பட்டது, அதிகாரம் குறைந்தவர்களின் பேச்சாக இருந்தது. நம் ஊரில் தாசில்தார் மேசைக்கு முன்னால் நிற்கும் விவசாயியின் வாக்கியங்களைக் கேட்டவர்களுக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இடைவெட்டைப் பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு சிம்மர்மன், வெஸ்ட் இருவரும் 1975இல் வெளியிட்டது: ஆணும் பெண்ணுமாகப் பேசிய 11 உரையாடல்களில் 48 இடைவெட்டுகள், அவற்றில் 46 ஆண்கள் செய்தவை. மாதிரி மிகச் சிறியது. பிற்காலத்தில் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது வேறுபாடு இவ்வளவு பெரியதாக இல்லை; ஆனால் பேச்சைப் பறிக்கும் நோக்கமுள்ள இடைவெட்டை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் ஆண்களின் பக்கமே கனம் கூடியது.

பதவியும் திறமையும் இருந்தால் இது நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தைப் பார்க்க வேண்டும். டோன்யா ஜேகோபி, டிலன் ஷ்வியர்ஸ் என்ற இருவர் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2015ஆம் ஆண்டு அமர்வில் ஒன்பது நீதிபதிகளில் மூவர் மட்டுமே பெண்களாக இருந்தும், நிகழ்ந்த இடைவெட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்த மூவரின் பேச்சில்தான் விழுந்தன. நீதிபதி பேசும்போது வழக்கறிஞர் குறுக்கிடக் கூடாது என்று நீதிமன்ற வழிகாட்டுதல் இருந்தும், வழக்கறிஞர்களே குறுக்கிட்டார்கள். "நான் ஒன்று கேட்கலாமா" என்பன போன்ற பணிவான முன்னுரைகளைப் பெண் நீதிபதிகள் பணிக்காலம் கூடக் கூடக் கைவிட்டு நேராகக் கேள்விக்குள் நுழையக் கற்றுக்கொண்டதையும் அந்த ஆய்வு காட்டியது. ஆனால் நிலைமையில் பெரிய மாற்றம் வந்தது, 2021இல் நீதிமன்றம் தன் நடைமுறையையே மாற்றி, பொதுவான கேள்வி நேரம் முடிந்ததும் பணிமூப்பு வரிசைப்படி ஒவ்வொரு நீதிபதிக்கும் தனித்தனியே வாய்ப்பளிக்கத் தொடங்கிய பிறகுதான். அந்த மாற்றத்தில் இத்தகைய ஆய்வுகளுக்குப் பங்கு உண்டு என்பதை நீதிபதி சோனியா சோடோமயோர் பொதுமேடையிலேயே சொன்னார்.

ஆகவே, முன்னுரைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், அதில் நட்டமில்லை. ஆனால் முழுப் பழியையும் உங்கள் குரலின் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் யோசனையைக் கூட்டத்துக்கு முந்தைய நாளே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால், யார் முதலில் சொன்னார் என்ற கேள்விக்கு இடமே இருக்காது. கூட்டம் நடத்துபவர் நியாயமானவர் என்றால், ஒவ்வொருவருக்கும் முறை வைத்துப் பேச வாய்ப்புத் தரும்படி அவரிடம் தனியே கேளுங்கள். ஒபாமாவின் வெள்ளை மாளிகையில் பணிபுரிந்த பெண்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, ஒருத்தி சொன்ன கருத்தை இன்னொருத்தி அவள் பெயரோடு மறுபடி சொல்லும் வழக்கத்தைக் கடைப்பிடித்ததாக 2016இல் செய்தி வந்தது. உங்கள் கூட்டத்தில் இரண்டு பெண்கள் இருந்தாலே இதைத் தொடங்கிவிடலாம்.

என் மனைவி முகம் வாடியிருக்கும்போது "என்ன ஆச்சு?" என்று கேட்டால் "ஒன்னுமில்லயே" என்கிறாள். மூன்று நாள் கழித்துத்தான் விஷயம் வெளியே வருகிறது. பெண்கள் ஏன் எதையும் நேராகச் சொல்வதில்லை?
– ஒரு வாசகர், மதுரை

முதல் கடிதத்தில் கரூர் வாசகியின் கணவரும் இதே "ஒன்னுமில்ல"வைத்தான் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். அவர் சொன்னால் களைப்பு, உங்கள் மனைவி சொன்னால் மர்மம் என்று வைத்துக்கொள்வது சற்று அநியாயம்.

சுற்றி வளைத்துப் பேசுவது பெண்ணின் இயல்பு என்பதற்கு நேர் எதிரான சான்று மடகாஸ்கர் தீவில் இருக்கிறது. அங்குள்ள ஒரு மலகாசி கிராமத்தில் தங்கி ஆராய்ந்த எலினார் கீனன் 1974இல் எழுதியதன்படி, அங்கே மறைமுகமாகப் பேசுவதுதான் உயர்ந்த பேச்சு, அது ஆண்களுக்கு உரியது. கபாரி எனப்படும் சடங்குப் பேச்சில், ஒருவரையும் புண்படுத்தாமல், பழமொழிகளைச் சுற்றிச் சுற்றி வந்து விஷயத்தைத் தொடும் ஆணைத்தான் ஊர் மெச்சுகிறது. சந்தையில் பேரம் பேசுவது, தவறு செய்தவரை முகத்துக்கு நேரே கண்டிப்பது, அக்கம்பக்கத்துச் சண்டையில் வெளிப்படையாகக் கேட்டுவிடுவது ஆகியவை பெண்களின் வேலை. ஆண்கள் தங்களால் சொல்ல முடியாததைப் பெண்களைக் கொண்டு சொல்லச் செய்கிறார்கள், பிறகு பெண்களுக்குப் பக்குவமாகப் பேசத் தெரியவில்லை என்று குறையும் சொல்கிறார்கள். நேரான பேச்சு மதிக்கப்படும் ஊரில் பெண் சுற்றி வளைக்கிறாள் என்பதும், மறைமுகப் பேச்சு மதிக்கப்படும் ஊரில் பெண்ணுக்கு நாசூக்கு இல்லை என்பதும்தான் குற்றச்சாட்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் குட்டு ஒருவருக்கே.

உங்கள் வீட்டைப் பொறுத்தவரை ஒன்று கேட்கிறேன். கடைசியாக உங்கள் மனைவி ஒரு குறையை நேராகச் சொன்னபோது, குறிப்பாக அது உங்கள் தாயாரையோ தங்கையையோ பற்றியதாக இருந்தபோது, உங்கள் முதல் வாக்கியம் என்னவாக இருந்தது? "நீ ஏன் அதைப் பெரிசு பண்ற" என்பதாக இருந்திருந்தால், மூன்று நாள் தாமதத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நேராகப் பேசுவதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலையைக் கணக்கிட்டுத்தான் எவரும் வாய் திறக்கிறார்கள். நீங்கள் உங்கள் மேலாளரிடம் பேசும்போது செய்வதும் அதுவே. அடுத்த முறை "ஒன்னுமில்ல" என்று பதில் வந்தால் துருவித் துருவிக் கேட்காமல், "சரி, எப்போ தோணுதோ அப்போ சொல்லு, நான் கேட்டுக்கிறேன்" என்று விட்டுவிடுங்கள். சொல்லும்போது தீர்ப்போ தீர்வோ சொல்லாமல் கடைசி வரை கேளுங்கள்.

புதிதாக மணமானவன் நான். என் மனைவி என்னைப் பெயர் சொல்லி அழைப்பதும் "வா, போ" என்பதும் என் அம்மாவுக்கு வருத்தமாக இருக்கிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

உங்களுக்கு வருத்தமில்லை என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கணவன் "வா" என்பதும் மனைவி "வாங்க" என்பதும் பல தலைமுறைகளாக நம் வீடுகளில் பழகிப்போன ஏற்றத்தாழ்வு. உங்கள் அம்மா அந்த முறையில் ஒரு வாழ்நாள் முழுவதும் பேசியவர் என்பதால் அவருக்குச் சுருக்கென்றிருப்பதில் வியப்பில்லை. "நாங்கதான் அப்படிப் பேசிக்கலாம்னு முடிவு பண்ணினோம்மா" என்று அம்மாவிடம் நீங்கள் சொல்லுங்கள், மனைவியைத் தூது அனுப்பாதீர்கள். இருவரும் ஒருவரையொருவர் "வாங்க, போங்க" என்றே பேசிக்கொள்ளும் தம்பதியரும் உண்டு, அதுவும் சமம்தான்.

மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றின் தலைவி நான். எங்கள் ஊர் கிராம சபைக் கூட்டத்துக்குப் பெண்கள்தான் அதிகம் வருகிறோம். ஆனால் ஒலிபெருக்கி ஆண்கள் கையிலேயே சுற்றுகிறது. எங்கள் பெண்கள் குழுக் கூட்டத்தில் நன்றாகப் பேசுகிறார்கள், சபையில் வாய் திறப்பதில்லை. கூச்சமா, பழக்கமின்மையா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

குழுவில் பேசும் பெண் சபையில் பேசவில்லை என்றால், அந்தக் கூச்சம் அவரிடமிருந்து வரவில்லை, சபை நடக்கும் முறையிலிருந்து வருகிறது. இது குறித்துத் தமிழகத்துக் கிராமங்களிலேயே ஓர் அருமையான ஆய்வு நடந்திருக்கிறது. ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி ஆகிய மூவர், நம் கிராம சபைகளில் பேசப்பட்டதை எழுத்து வடிவில் தொகுத்து, யார் பேசினார்கள், யார் எடுத்த பொருள் மேலே விவாதிக்கப்பட்டது, யாருக்கு அதிகாரிகள் பதில் சொன்னார்கள் என்று பகுத்து 2019இல் வெளியிட்டார்கள். பெண்கள் பேசுவது குறைவு, அவர்கள் எடுத்த பொருள் கூட்டத்தின் பொருளாக ஆவது குறைவு, அதிகாரிகளிடமிருந்து அவர்களுக்குப் பதில் கிடைப்பதும் குறைவு என்பது அவர்கள் கண்டது. ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில் இதில் ஒரு திருப்பம் உண்டு: பெண் தலைவர்கள், பெண்கள் எழுப்பும் குரலுக்குக் கூடுதலாகச் செவிசாய்த்தார்கள். 2016இல் தமிழகம் உள்ளாட்சியில் பெண்களுக்கான ஒதுக்கீட்டை 50 சதவீதமாக உயர்த்தியதன் பயனை இந்த இடத்தில் வைத்தும் பார்க்க வேண்டும். தலைவரின் நாற்காலியில் அவருடைய கணவர் அமர்ந்துகொள்ளும் ஊர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

கூட்டத்தின் விதி எப்படிப் பேச்சை மாற்றுகிறது என்பதற்கு இன்னொரு சான்று: அமெரிக்காவில் கார்போவிட்ஸ், மெண்டல்பெர்க் குழுவினர் ஐந்து ஐந்து பேராக உட்காரவைத்து ஒரு முடிவெடுக்கச் சொன்னபோது, பெரும்பான்மை வாக்கால் முடிவு என்று விதித்த குழுக்களில், எண்ணிக்கையில் குறைந்த பெண்கள் தங்கள் பங்குக்கு மிகக் குறைவாகவே பேசினார்கள், எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு என்று விதித்த குழுக்களில் அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. ஒவ்வொருவருடைய சம்மதமும் தேவை என்றால்தான் ஒவ்வொருவரும் என்ன நினைக்கிறார்கள் என்று பிறர் கேட்கிறார்கள்.

உங்கள் ஊரில் பெண்களின் வருகை எதற்குத் தேவைப்படுகிறது என்பதையும் யோசியுங்கள். கிராம சபைக்குக் குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை உண்டு. 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்கு அது 100 பேர். நூறு நாள் வேலைக்குச் செல்லும் பெண்களை அழைத்துவந்து உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் அந்த எண்ணிக்கை நிறைந்துவிடுகிறது, பேச்சுக்கு அவர்கள் தேவைப்படுவதில்லை. அதாவது நீங்கள் இல்லாமல் கூட்டம் செல்லாது. இதைவிட வலுவான நிலை உங்களுக்கு வேண்டியதில்லை.

தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபைக்கென வகுக்கப்பட்டுள்ளன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த தேதிக்கு ஒரு வாரம் முன்பு உங்கள் குழுக் கூட்டத்தில் கோரிக்கைகளைப் பேசி, தெருவிளக்கு ஒருவர், குடிநீர்க் குழாய் ஒருவர், ரேஷன் கடை நேரம் ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் எழுதி மனுவாகவும் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போனாலும் மனுவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எல்லோரும் ஒரே மூலையில் உட்காராமல் ஊராட்சிச் செயலரின் மேசைக்கு அருகே முன்வரிசையில் உட்காருங்கள். முதலில் பேசுபவர் தைரியசாலியாக இருக்கட்டும், அவரை யாராவது மறித்தால் "அக்கா முடிச்சுக்கட்டும்" என்று சொல்ல இன்னொருவர் தயாராக இருக்கட்டும். வருகைப் பதிவேட்டில் வந்தவுடன் கையெழுத்திட வேண்டாம். உங்கள் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டு, அதை வாசித்துக் காட்டியபின் இடுங்கள்.